கவுத்தார் கவிழ்க்காத நாற்காலி

பழைய மரச்சாமான் வாங்கி வீட்டை அலங்கரிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த ஊரில் நேராகக் கடைக்குப் போவதில்லை. முதலில் கவுத்தாரைத் தேடிப் போவார்கள். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். வங்கிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. எந்த நாற்காலியைக் காட்டினாலும் மனிதர் அதன் முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். செதுக்கு வேலையாவது, பித்தளைப் பிடியாவது, பளபளப்பாவது! ஒரே தூக்கு, ஒரே கவிழ்ப்பு. நாற்காலியின் நாலு காலும் கூரையைப் பார்த்து நிற்கும். அதற்கப்புறம்தான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவார். தூக்க முடியாத மேசை, கட்டில் என்றால் தானே அடியில் நுழைந்து மல்லாக்கப் படுத்துக்கொள்வார். அவருடைய மகள் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் அடிப்பாள்.

"முன்பக்கத்த விக்கிறதுக்குன்னு செய்யுறான். அடிப்பக்கத்த யாருக்காகவும் செய்யுறதில்ல. அதான் அங்க பாக்குறேன்" என்பார், கேட்கிறவர்களிடம்.

நம்பின ஆளை நட்டாற்றில் விடுகிறவனையும் 'கவுத்துட்டான்' என்றுதானே சொல்கிறோம்? கடைத்தெருவில் அவருக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அந்த அர்த்தத்தையும் மனதில் வைத்துத்தான் சூட்டினார்கள். கொழுத்த வாடிக்கையாளர் ஒருவர் கவுத்தாரைக் கூட்டிக்கொண்டு கடைப்படி ஏறினால் கடைக்காரர் சில சாமான்களைப் பின்பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார். இவரோ ஒரு நாற்காலியைத் தலைகீழாக்கி, கட்டை விரலால் அடிச்சட்டத்தைத் தடவி, ஒரே வார்த்தை சொல்வார். 'அசல்' அல்லது 'போலி'. மூன்றாவது வார்த்தை கிடையாது.

அவர் வேலையில் குறை சொல்ல நாக்கு கூசும். வட்ட மேசை என்றால் இரண்டு பக்கமும் நாடா பிடித்து அளப்பார். மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டில் சுருங்கும், அதனால் நூறு வயதான வட்டம் வட்டமாக இருக்கவே முடியாது. பூச்சி அரித்த துளை என்றால் மெல்லிய கம்பியை உள்ளே விடுவார். பூச்சி நேராகப் போகாது, வளைந்து வளைந்துதான் போகும். கம்பி தடையில்லாமல் இறங்கினால் அது ஆணியடித்துப் போட்ட துளை. இழுப்பறையை வெளியே உருவி, உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார். கை ரம்பம் விட்ட கோட்டுக்கும் இயந்திர ரம்பம் விட்ட கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருட்டில்கூட அவர் விரலுக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று ஊர் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் வாய் இருக்கிறதே, அது விஷம். போலியைப் போலி என்று சொன்னால் போதாதா? அதைச் சொல்லும்போது எதிராளியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லலாம் என்கிற யோசனை அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருந்தார். டீச்சரம்மா என்றால் ஊருக்கே தெரியும். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கடைசியில் இரண்டு அறை வீடு ஒன்று கட்டினார். ஜன்னலோரம் போடுவதற்கு ஒரு பழைய எழுத்து மேசையும் வாங்கினார். பழைய மாணவர்களை எல்லாம் அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நாளில், அலமாரி ஒன்றைத் தேர்வு செய்வது பற்றிப் பேசக் கவுத்தாரும் வந்து சேர்ந்தார். மேசையைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே இருந்த பூச்சாடியையும் புத்தகங்களையும் மகளின் கையில் திணித்துவிட்டு மேசையைக் கவிழ்த்தார்.

"டீச்சரம்மா, இதோட வயசு என்னன்னு நினைச்சீங்க?"

"நூறுக்கு மேலன்னு சொன்னாங்க."

"உங்ககிட்ட படிச்சிட்டுப் போன பிள்ளைங்க இருக்காங்க பாருங்க, அவங்க வயசுதான். பாவம், இதுவும் உங்ககிட்ட படிச்சிருந்தா பொய் சொல்லாம இருந்திருக்கும்."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. டீச்சரம்மாவும் சிரித்தார். மறுநாள் அந்த மேசைமேல் ஒரு துணி விரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் அதில் உட்கார்ந்து ஒரு கடிதம்கூட எழுதவில்லை. கவுத்தார் இந்தக் கதையைத் தேநீர்க் கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் தானே முதலில் சிரிப்பார்.

வெளியாருக்கு மட்டும்தான் இந்த உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவி புகுந்த வீட்டுக்கு வரும்போது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தாள். அம்மா கொடுத்தது, அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது. கல்யாணமான முதல் வாரமே இவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "உங்க அம்மாவ யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. இல்லன்னா உங்க அம்மா உன்ன ஏமாத்தியிருக்காங்க" என்றார். அவள் சண்டை போடவில்லை. பெட்டியில் இருந்த வளையல்களை எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டாள். பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வெங்காயம் போட வைத்துக்கொண்டாள். அவள் செத்து ஒன்பது வருஷமாகிறது. வெங்காயம் இன்னும் அதில்தான் இருக்கிறது.

இவ்வளவு பேசுகிறவருக்கு இந்த வித்தை எங்கே கிடைத்தது என்று கேட்டால், "சின்ன வயசுல ஒரு ரிப்பேர் கடையில இருந்தேன்" என்பார். பாதிதான் உண்மை. கடையின் முன்பக்கம் ரிப்பேர். பின்பக்கக் கொட்டகையில் நடந்த வேலைக்கு அந்த முதலாளி வைத்திருந்த பெயர் 'வயசு ஏத்துறது'. புது நாற்காலியை இரும்புச் சங்கிலியால் அடிப்பார்கள். கெட்டியாகக் காய்ச்சிய தேயிலைத் தண்ணீரைத் துணியில் தொட்டுத் தடவுவார்கள். காய்ந்ததும், சாயம் ஒட்டாமல் இருக்க அரக்குப் பூச்சு ஒரு கை, அதற்குமேல் புகைக்கரி கலந்த மெழுகு. ஆணிகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துருவேற்றுவார்கள். ஒரு வாரத்தில் நூறு வயது ஏறிவிடும். இருபத்திரண்டு வயதில் கவுத்தார் அந்தக் கொட்டகையின் முதல் கை.

அவர் விரல் பட்ட வேலை எவ்வளவு சுத்தமென்றால், ஒருமுறை முதலாளியே ஏமாந்துபோனார். ஒரு பெரிய வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று ஓடிப்போய், தன் கொட்டகையில் செய்து தானே விற்ற நாற்காலியை அசல் என்று நம்பித் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்று முதலாளியிடம் இவர் வாங்கிய ஏச்சுக்குப் பிறகுதான் அடையாளம் போடும் பழக்கம் வந்தது. உட்காரும் பலகையின் அடியில், முன்சட்டத்துக்குப் பின்னால், குத்தூசியால் மூன்று துளை. முக்கோணமாக, ஒரு விரல் நுனிக்குள் அடங்குகிற மாதிரி. தெரியாதவர்களுக்குப் பூச்சி அரித்ததாகத் தோன்றும். தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் முதலாளி போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிறது.

முதலாளிக்கு முன்கோபம். அதனால் வாடிக்கையாளர் வந்தால் கையைக் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு பேசப் போவதும் இந்தப் பையன்தான். சாய்வு நாற்காலிக்கு அவன் ஒரு வசனம் வைத்திருந்தான். கைப்பிடியைப் பட்டும் படாமல் தடவிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வான்: "இது நாற்காலி இல்லங்க, மடி. மூணு தலைமுறை உட்காந்த மடி." அந்த வசனம் ஒருமுறைகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. முதலாளி போய், கடை மூடிய பிறகு, பையன் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாண்டிக் குதித்து, உண்மைக்குக் காவல் நிற்கும் கவுத்தாராகிவிட்டார். முப்பது சில்லறை வருஷமாக அவர் பிடித்துக் கொடுத்த போலிகளில் எத்தனை அவருடையவை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவற்றைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் வாய் மற்ற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீளும்.

இனி மகள். அவளுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. அவள் கல்யாணப் பேச்சு இரண்டு முறை கடைசிப் படி வரை போய் வழுக்கி விழுந்ததற்குக் காரணம் ஜாதகமோ சண்டையோ இல்லை, அப்பாவின் கை. முதல் வீட்டில் சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்தார், சம்பந்தியாக வேண்டியவர் தன் அப்பாவின் கைவேலை என்று பெருமையடித்துக்கொண்டிருந்த மேசையை. இரண்டாவது வீட்டில் கடிகாரப் பெட்டியின் முதுகைத் தட்டி, "பிளைவுட்டு! உங்க பரம்பரை ரொம்பப் பழசுதான் போங்க" என்றார். இரண்டு வீட்டிலிருந்தும் அப்புறம் ஒரு தகவலும் வரவில்லை. "உண்மையத் தாங்க முடியாத வீட்டுக்கு என் பொண்ணு எதுக்குப் போகணும்?" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பொண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவதை அவளே பார்த்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று போனவளுக்குக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தவர். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது சரியில்லை, இது சரியில்லை என்று அவள் ஆறு முறை போனாள், அவரும் ஆறு முறை திருகாணியை முறுக்கிக் கொடுத்தார். ஏழாவது முறை, "எங்க அம்மாவப் பாக்க வர்றீங்களா? அப்பாவையும் கூட்டிட்டு" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெங்காயப் பெட்டிமேல் உட்கார்ந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி.

போகிற நாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள்.

"அப்பா, அங்க போயி நீங்க எதையும் கவுத்தக் கூடாது."

"நான் எதுக்கும்மா..."

"கை ரெண்டும் மடியில இருக்கணும். அவங்க எதையாவது காட்டி எப்படி இருக்குன்னு கேட்டா, அசல்னு சொல்லணும். அது தெர்மாகோலா இருந்தாலும் சரி, அசல்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா. ஊருக்கெல்லாம் உண்மை சொல்லியாச்சு. எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லுங்கப்பா. இது போச்சுன்னா எனக்கு வேற இல்ல."

அவள் குரல் கடைசியில் உடைந்தது.  கவுத்தார் மகளின் தலையில் கை வைத்து, "சரிம்மா, அசல்" என்றார். அதை அவர் முழு மனதோடுதான் சொன்னார்.

கண்ணாடிக்கடைக்காரரின் வீடு மாடியில். நீளமான கூடம், ஒரு பக்கம் புத்தக அலமாரி, ஒரு பக்கம் தையல் இயந்திரம், நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. அம்மா ஒடிசலான மனுஷி, பேச்சில் ஒரு நிதானம். அக்கா ஒருத்தி, எதற்கெடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சுபாவம். உட்காரச் சொல்லும்போது அம்மா வேறு எந்த இருக்கையையும் காட்டவில்லை. "நீங்க இதுல உட்காருங்க" என்று கவுத்தாரை அந்தச் சாய்வு நாற்காலிக்குத்தான் அனுப்பினார். அக்கா தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியதை மகள் பார்த்தாள்.

கவுத்தார் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில். நாலு நல்ல வார்த்தை பேசினார். மாடிக் காற்றைப் புகழ்ந்தார். மகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் வந்தது. கோப்பையை வாங்க வலது கை மடியை விட்டு எழுந்தது. திரும்பி வரும்போது வழி தவறிப் போனதோ, முப்பது வருஷப் பழக்கம் இழுத்துக்கொண்டு போனதோ, அது மடிக்கு வரவில்லை. பலகையின் அடியில் நுழைந்தது. கட்டை விரல் முன்சட்டத்தின் பின்பக்கமாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

மூன்று துளை. முக்கோணமாக.

அந்த விரல் நின்ற விதத்தை மகள் கவனித்தாள். பதினைந்து வருஷம் டார்ச் அடித்தவளுக்கு அப்பாவின் விரலைப் படிக்கத் தெரியாதா? போலி என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. யார் செய்த போலி என்பது மட்டும் தெரியாது. 

"உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கோம்," என்றார் அம்மா. "நாற்காலி எப்படி இருக்கு? சும்மா சொல்லுங்க, நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

அக்கா அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று முகங்களும் எதற்கோ ஆவலாகக் காத்திருந்தன.

"அசல்" என்றார் கவுத்தார்.

மகள் மூச்சை விட்டாள். அக்காவின் கை வாயை விட்டுக் கீழே இறங்கியது. அங்கே சிரிப்பு இல்லை.

"கவுத்திப் பாக்காமலா?" என்று கேட்டார் அம்மா.

"பாக்கணும்னே இல்லம்மா. உட்காந்தாலே தெரியுது."

"பரவால்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க உள்ளத உள்ளபடி சொல்ற ஆளுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

இதைவிட அகலமாக ஒரு கதவைத் திறந்துவிட முடியுமா? ஆனால் கவுத்தாருக்கு அது கதவாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தன் நாற்காலிமேல் சந்தேகம் வந்துவிட்டது, அதைப் போக்க வேண்டும் என்றே அவருக்குப் பட்டது. மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அரைகுறையாகச் சொல்லி அது தோற்றுப்போகக் கூடாது. சொல்வதென்று ஆகிவிட்டது, முழுசாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். கை தானாகக் கைப்பிடிக்குப் போனது, பட்டும் படாமல் தடவியது, குரல் தானாகத் தாழ்ந்தது.

"இது நாற்காலி இல்லம்மா, மடி. மூணு தலைமுறை உட்காந்த மடி."

அம்மா தன் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இதையேதான் அன்னைக்கும் சொன்னீங்க" என்றார். "அப்ப மீசை மெலிசா இருந்துச்சு. வெள்ளைச் சட்டை."

கவுத்தாரின் கை கைப்பிடியை விட்டு மடிக்கு வந்தது.

"கல்யாணமான புதுசு. எங்க வீட்டுக்குன்னு நாங்க தேர்ந்தெடுத்து வாங்கின முதல் சாமான் இது. அவருக்குப் புது வேலை. மழைக்காலம். காலையில பத்து நிமிஷம் இதுல உட்காந்துட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்தப்பதான் பாத்தேன், சட்டை முதுகு பூரா தேயிலைக் கறை. நாள் முழுக்க அப்படியே அலைஞ்சிருக்கார். சாயம் வெளுத்துப் போச்சு." அவர் சொல்லச் சொல்லக் கவுத்தாருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று அரக்குப் பூச்சை விட்டுவிட்டு நேராக மெழுகு போட்ட நாற்காலி அது. அந்த ஒரு நாற்காலியில் மட்டும்தான் அவர் அப்படிச் செய்திருந்தார்.

"அவர் கோபப்படல. சாகுற வரைக்கும் அந்த வரிய சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். யாராவது பெரிசாப் புளுகினா எங்க வீட்டுல 'மடி'ன்னுதான் சொல்லுவோம். இவன் ஒரு பந்தயம்கூட வெச்சிருந்தான், நீங்க எப்படித் திட்டப் போறீங்கன்னு. நீங்க இதக் கவுத்துப் போட்டுக் கிழிப்பீங்க, எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்னு காலையிலருந்து காத்துட்டு இருந்தோம்."

"அம்மா, அது வந்து..." என்று கவுத்தார் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஏமாத்தினது போகட்டும். சின்ன வயசு, வயித்துப்பாடு. உங்க வாய் பொல்லாத வாய்னு சொன்னாங்க. இருக்கட்டும், பொய் சொல்லாத வாய்னும் சொன்னாங்களே, அது போதும்னுதான் உங்க வீட்டுல பொண்ணு எடுக்கச் சம்மதிச்சேன். நீங்க என் வீட்டுலயே உட்காந்து, அதே பொய்ய, வார்த்தை மாறாம என்கிட்டயே விக்கிறீங்க."

மகள் எழுந்துவிட்டாள். "அம்மா, அப்பா மேல தப்பில்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். எதக் கேட்டாலும் அசல்னு சொல்லுங்கன்னு நான்தான்..."

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். இதுவரை அவர் முகத்தில் அவளுக்கென்று கொஞ்சம் கனிவு மிச்சம் இருந்தது. அது போன விதத்தை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"நீயாம்மா? அப்ப ரெண்டு பேருமா" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் துடைத்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டுகூட நின்றாள். துடைக்கிற வேலை முடிகிற மாதிரி இல்லை. அக்கா உள்ளே போய்விட்டாள். "தேநீர் ஆறிப்போகுது, குடிச்சிட்டுப் போங்க" என்றார் அம்மா, அதே நிதானத்தோடு. குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

இருவரும் தெருவில் நடந்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை வெட்கப்பட வைத்தவருக்கு வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"நான் திரும்பப் போயி எல்லாத்தையும் சொல்லிடறேம்மா. அத நான்தான் செஞ்சேன்னு. மூணு துளை போட்டதக் காட்டுறேன்" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். "நீங்களே செஞ்சதா?"

இதுவும் அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மா அவர் விற்றதைத்தான் சொன்னார், செய்ததைச் சொல்லவில்லை. நல்ல ஆள்! தன் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியான மகளையும் தானே கவிழ்த்துக்கொண்டார்.

"அப்ப இத்தனை வருஷமா டீச்சரம்மா மேசை, அந்த மேசை, இந்த மேசைன்னு..." அவள் மேலே பேசவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "டீச்சரம்மா மேசையும் உங்களோடதா?" என்று கேட்டாள்.

அவர் கட்டை விரலைத் தடவிக்கொண்டே நடந்தார். "பேசாம அந்த நாற்காலியக் கவுத்திருக்கலாம்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

"அவர் ஒரு தடவகூட நிமிந்து பாக்கலப்பா" என்றாள் அவள். அப்பா சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கதை எப்படி வெளியே போனதோ, ஒரு மாதத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி பரவிவிட்டது. வயிற்றெரிச்சலோடு இருந்த கடைக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? வாசலில் கவுத்தார் தலை தெரிந்தால் உள்ளேயிருந்து "வாங்க, வாங்க, மடியில உட்காருங்க" என்று குரல் வரும். தேநீர்க் கடையில் அவர் பழைய கதை சொல்ல வாயைத் திறந்தால் எதிரே இருப்பவன் சட்டை முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வான். கண்ணாடிக்கடைக்காரருக்கு மூன்றே மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணமானது. மகளின் கண்ணாடியில் ஒரு திருகாணி நிஜமாகவே கழன்று விழுந்தது. அவள் அதை நூலால் கட்டிக்கொண்டாள்.

வேலை குறைந்ததே தவிர அடியோடு நிற்கவில்லை. அவர் இல்லாமல் பழைய சாமான் வாங்குவது சிலருக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. அப்படி ஒருநாள் ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். புது வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை தேடுகிறார். ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் சாமான்களை விற்கிறார்கள். வழக்கம்போலக் கவுத்தாரும் மகளும் போனார்கள்.

பின்கட்டில், சாக்குப் பைகளுக்கு நடுவே, ஒரு பெரிய வட்ட மேசை. கவுத்தார் நாடா பிடித்தார். நெடுக்கே ஒரு அளவு, குறுக்கே அரை விரல் குறைவு. அவர் முகம் மாறியது. சட்டையைக்கூடக் கழற்றாமல் அடியில் நுழைந்து படுத்தார். மகள் டார்ச் அடித்தாள். கை ரம்பத்தின் கோணல் கோடுகள், தலை ஒரு பக்கம் ஒதுங்கிய கைவேலைத் திருகாணிகள், இரண்டு கையால் தடவினாலும் பொய் சொல்லாத மரம். கம்பியை ஒரு துளையில் விட்டார், வளைந்து நின்றது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை. அவர் சொல்ல வேண்டியதே இல்லை, அவளுக்கும் தெரிந்தது. 

"டாக்டர்," என்றார் கவுத்தார் அடியிலிருந்து.  "அசல்."

டாக்டரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுவும் மடியா சார்?" என்றார் டாக்டர். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"இல்லங்க. சத்தியமா அசல். இத விட்டீங்கன்னா இன்னொன்னு கிடைக்காது. என் பொண்ணக் கேளுங்க. அவளும் பாத்தா. சொல்லும்மா."

மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவருக்கு மகளின் முழங்காலும் டார்ச் வெளிச்சமும் மட்டும்தான் தெரிந்தன. டாக்டர் குனிந்து அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அப்பா சொல்றது உண்மையா?"

 அவள் நூல் கட்டிய கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

மேசைக்கு அடியில் இருட்டாகிவிட்டது. "டார்ச்ச அடிம்மா" என்றார் கவுத்தார். அவள் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.